பழைய காரில் மீட்டர் முள் தப்பாகக் காட்டினால்: பழுதைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

பெட்ரோல் நிரப்பிக்கொண்டு வந்த பிறகும் முள் காலியிலேயே கிடக்கிறது. இல்லையென்றால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே டெம்பரேச்சர் மீட்டர் சிவப்புக்குப் போய்விடுகிறது. இந்த நிலையில் பலரும் முதலில் செய்வது டேஷ்போர்டைப் பிரித்து மீட்டரைக் கழற்றுவதுதான். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. நாற்பது, ஐம்பது ஆண்டுப் பழைய பிளாஸ்டிக்கையும் ஒயரையும் தேவையில்லாமல் அசைத்தால், இருந்த ஒரு பழுது மூன்றாகிவிடும். மீட்டர் அவ்வளவு சுலபத்தில் கெடாது. ஒயர் முனையில் பூத்த களிம்பு, விட்டுப்போன எர்த் (காரின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு), ஒட்டிக்கொண்ட ஸ்டெபிலைசர், தேய்ந்துபோன டேங்க் யூனிட் (டேங்குக்குள் இருக்கும் மிதவை சென்சார்) என்று மற்ற எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் மீட்டர் மேல் சந்தேகப்பட வேண்டும்.

கரண்ட் போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பேட்டரியிலிருந்து இக்னிஷன் சாவி, அங்கிருந்து ஃப்யூஸ், சில கார்களில் நடுவில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் (மீட்டருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும் சிறு பெட்டி), அப்புறம் மீட்டர், மீட்டரிலிருந்து சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர், சென்சாரின் உடம்பு வழியாக எர்த். சென்சார் என்பது மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மின்தடை, அவ்வளவுதான். டேங்கில் மிதவை ஏறி இறங்கும்போது மாறும். எஞ்சினில் சூட்டுக்கோ ஆயில் அழுத்தத்துக்கோ ஏற்ப மாறும். அதற்குத் தக்கபடி முள் நகரும்.

தொடங்கும் முன்

ஆயில் பிரஷர் மீட்டர் பூஜ்யம் காட்டினால், அது மீட்டர் பழுது என்று நிரூபணம் ஆகும்வரை உண்மை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினை உடனே நிறுத்திவிட்டு ஆயில் அளவைப் பாருங்கள். டெம்பரேச்சர் மீட்டர் சிவப்பைக் காட்டினாலும் அப்படியே. "மீட்டர்தான் கெட்டிருக்கும்" என்று ஓட்டிக்கொண்டே போய் எஞ்சினை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெட்ரோல் டேங்க் பக்கம் வேலை செய்யும்போது தீப்பொறியே வரக்கூடாது. அதற்கு ஒரு நல்ல பழக்கம்: சாவியை ஆஃப் செய்துவிட்டு ஒயரையோ கிளிப்பையோ மாட்டுங்கள், மாட்டிய பிறகு டேங்கை விட்டு விலகி வந்து சாவியைப் போடுங்கள். கழற்றும்போதும் அப்படியே. டிக்கிக்குள்ளோ ஷாசியிலோ ஒயருக்கு இணைப்பு இருந்தால், டேங்கின் தலையில் கைவைக்காமல் அங்கேயே சோதனை செய்வது இன்னும் நல்லது.

தேவைப்படும் கருவிகள் கொஞ்சம்தான். ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், இரு முனையிலும் கிளிப் வைத்த ஒரு நீள ஒயர் (டேங்கிலிருந்து பேட்டரிவரை எட்ட வேண்டும்), 10, 33, 68 ஓம் அளவில் 5 வாட் ரெசிஸ்டர்கள், மெல்லிய உப்புத்தாள், காண்டாக்ட் கிளீனர், உங்கள் காருக்கான ஒயரிங் படம். பழைய கார்களில் 6 வோல்ட் பேட்டரி உள்ளவையும் உண்டு. 1960-களின் பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையை எர்த் செய்தவையும் நிறைய. அதனால் எந்த அளவை எடுக்கும் முன்னும் பேட்டரியைப் பார்த்து, எந்த முனை பாடியில் போய்ச் சேர்கிறது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 1: உங்கள் மீட்டர் எந்த வகை?

இதைக் கண்டுபிடிக்க எதையும் கழற்ற வேண்டாம். சாவியைப் போட்டு முள்ளைப் பாருங்கள். பல விநாடிகள் எடுத்து மெதுவாக ஊர்ந்து ஏறினால் அது பைமெட்டல் வகை. உள்ளே ஒரு சிறு சுருள் சூடாகி, இரட்டை உலோகப் பட்டையை வளைத்து முள்ளைத் தள்ளுகிறது. ஸ்மித்ஸ் மீட்டர் உள்ள பல பிரிட்டிஷ் கார்களிலும், பழைய ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களிலும் இந்த வகை உண்டு.

முள் சட்டென்று தாவி நின்றால் அது காந்தச் சுருள் வகை. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் பெரும்பாலும் இதுதான். இரண்டு சுருள்களுக்கு இடையே உள்ள கரண்ட் விகிதத்தை வைத்து முள் நிற்பதால், பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அளவு பெரிதாக மாறாது. அதனால் இதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆனால் மீட்டரின் உடம்புக்கு நல்ல எர்த் கட்டாயம் வேண்டும்.

மீட்டருக்குப் பின்னால் ஒயருக்குப் பதில் மெல்லிய உலோகக் குழாய் போகிறதா? அப்படியானால் அது மின்சார மீட்டரே அல்ல. இந்த வழிகாட்டி அதற்குப் பொருந்தாது.

படி 2: ஒரு முள்ளா, எல்லா முள்ளுமா?

ஒரே ஒரு மீட்டர் மட்டும் தப்பாகக் காட்டினால் பழுது அந்த மீட்டர், அதன் ஒயர், அதன் சென்சார் ஆகியவற்றுக்குள்தான் இருக்கிறது. நேராகப் படி 5-க்குப் போகலாம். எல்லாம் சேர்ந்து செத்துக் கிடந்தால் ஃப்யூஸ், சப்ளை அல்லது ஸ்டெபிலைசர். பைமெட்டல் மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து கூடுதலாகக் காட்டினால் ஸ்டெபிலைசர் அல்லது அதன் எர்த்.

அடுத்த சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஆனால் நிறையச் சொல்லும். சாவியைப் போட்டு முட்கள் நிலைக்கு வந்த பிறகு ஹெட்லைட்டைப் போடுங்கள். அப்புறம் இண்டிகேட்டர், அப்புறம் பிரேக் லைட். டெயில் லைட் எரிந்ததும் பெட்ரோல் முள் மட்டும் இடம் மாறினால், டேங்கும் பின் விளக்குகளும் ஒரே கெட்டுப்போன எர்த்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இண்டிகேட்டர் மின்னும் தாளத்துக்கு முள் ஆடினால் சந்தேகமே வேண்டாம், எர்த்தான். பேனல் விளக்கைப் போட்டதும் எல்லா பைமெட்டல் முட்களும் மெல்ல மேலே ஏறினால் மீட்டர் பேனலின் எர்த்தைப் பாருங்கள். விளக்குகளின் கரண்ட் அந்தக் கெட்ட இணைப்பு வழியாகப் போகும்போது பேனலின் எர்த்தே ஓரளவு வோல்டேஜுக்கு உயர்ந்துவிடுகிறது. ஸ்டெபிலைசர் தரும் வோல்டேஜும் அதோடு சேர்ந்து ஏறுகிறது.

படி 3: சப்ளையும் எர்த்தும்

முதலில் பேட்டரி: 12 வோல்ட் பேட்டரியில், எஞ்சின் ஓடாதபோது 12.4 முதல் 12.7 வோல்ட் வரை இருக்க வேண்டும். அப்புறம் ஃப்யூஸ். கண்ணாடி ஃப்யூஸ் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். அதன் உலோக மூடியிலும் அதைப் பிடிக்கும் கிளிப்பிலும் களிம்பு பிடித்தால் கம்பி முழுசாக இருந்தும் கரண்ட் சரியாகப் போகாது. கழற்றி இரண்டையும் உப்புத்தாளால் தேய்த்துப் போடுங்கள். ஃப்யூஸின் இரு பக்கமும் எர்த்துக்கு வோல்டேஜ் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எர்த்தை ஓம் அளவில் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று முடிவுசெய்வது பலர் ஏமாறும் இடம். நூல் போல ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மல்டிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டிவிடும். கரண்ட் ஓடும்போது வோல்டேஜ் பாருங்கள். விளக்குகளும் மீட்டரும் வேலை செய்யும் நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை மீட்டர் பேனலின் எர்த்திலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட் காட்டினால் அந்த இடத்தைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து மறுபடி முடுக்குங்கள். டேங்குக்கும் எஞ்சினுக்கும் இதே சோதனை.

படி 4: ஸ்டெபிலைசர்

பைமெட்டல் மீட்டர் உள்ளவர்களுக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். காந்த வகை வைத்திருப்பவர்கள் தாண்டிப் போகலாம்.

பைமெட்டல் மீட்டரில் முள் நகர்வது சூட்டால். சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்மித்ஸ் மீட்டர்கள் சராசரி 10 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. எஞ்சின் ஓடும்போது காரில் 14 வோல்ட் இருக்கும். அது நேராக மீட்டருக்குப் போனால் சுருளில் உண்டாகும் சூடு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதனால்தான் எல்லா முட்களும் எகிறுகின்றன. ஃபோர்டு, கிரைஸ்லர் மீட்டர்கள் சராசரி 5 வோல்ட்டுக்கானவை. அங்கே 12 வோல்ட் நேராகப் போனால் சுருளே கருகிவிடும். கிரைஸ்லரின் சில மாடல்களில் இந்த ஸ்டெபிலைசர் தனியாக இல்லாமல் பெட்ரோல் மீட்டருக்குள்ளேயே இருக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

பழைய ஸ்டெபிலைசர் ஒரு சிறு தகரப் பெட்டி. உள்ளே இன்னொரு பைமெட்டல் பட்டையும் ஒரு ஜோடி காண்டாக்டும். பட்டை சூடானால் காண்டாக்ட் திறக்கும், ஆறினால் மூடும். இப்படி 12 வோல்ட்டை விட்டு விட்டுக் கொடுத்தே சராசரியைக் குறைக்கிறது. மீட்டர் மெதுவாக நகர்வதால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது.

சோதிக்க, அதன் அவுட்புட் முனையில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். சாவி போட்டதும் விளக்கு சில விநாடிகள் தொடர்ந்து எரியும், அப்புறம் மின்ன ஆரம்பிக்கும். மின்னினால் வேலை செய்கிறது. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது எர்த் இல்லை. எரியவே இல்லை என்றால் காண்டாக்ட் திறந்தே நிற்கிறது, அல்லது இன்புட்டில் சப்ளை வரவில்லை. டிஜிட்டல் மல்டிமீட்டரில் எண்கள் 0-க்கும் 12-க்கும் இடையே தாவும். அதைப் பார்த்துப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். இந்த வேலைக்கு முள் வைத்த பழைய மல்டிமீட்டர் இருந்தால் அதுவே நல்லது.

எர்த் இல்லையென்றால் ஏன் முழு வோல்டேஜ் வருகிறது? பட்டையைச் சூடாக்கும் சுருளின் மறுமுனை பெட்டியின் உடம்பு வழியாகத்தான் எர்த் ஆகிறது. எர்த் விட்டுப்போனால் சுருள் சூடாகாது, காண்டாக்ட் திறக்காது, 12 வோல்ட் அப்படியே மீட்டருக்குப் போகும். ஆகவே ஸ்டெபிலைசரை மாற்றும் முன் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அடியைச் சுத்தம் செய்து முடுக்கிப் பாருங்கள். பெயின்ட் அடித்த பிறகு எல்லா மீட்டரும் கூடுதலாகக் காட்டுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு ஸ்க்ரூதான். சில ஸ்மித்ஸ் பெட்டிகளில் மேல்பக்கம் எது என்று குறித்திருக்கும். தலைகீழாக மாட்டினால் சராசரி மாறிவிடும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசரே போடலாம் என்பது என் எண்ணம். காண்டாக்ட் தேயும் பிரச்சினை இல்லை, வோல்டேஜும் நிலையாக இருக்கும். ஆனால் 10 வோல்ட் வேண்டுமா 5 வோல்ட் வேண்டுமா, உங்கள் கார் எந்த எர்த் என்று பார்த்து வாங்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் காருக்குத் தனி வகை. மாற்றிப் போட்டால் அந்த நொடியே போய்விடும்.

படி 5: சென்சார் ஒயர் சோதனை

பாதையை இரண்டாகப் பிரிக்கும் சோதனை இது. சென்சாரில் உள்ள ஒயரைக் கழற்றி, சாவி போட்டு முள் எங்கே போகிறது என்று பாருங்கள். அப்புறம் சாவியை ஆஃப் செய்து, அந்த ஒயரை எர்த்தில் கிளிப் செய்து மறுபடி சாவி போட்டுப் பாருங்கள். முள் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனால் சப்ளை, மீட்டர், ஒயர் மூன்றும் நல்லவை. பழுது சென்சாரிலோ அதன் எர்த்திலோதான். முள் அசையவே இல்லை என்றால் பழுது டேஷ்போர்டு பக்கம்.

பைமெட்டல் மீட்டரில் ஒயரை நேராக எர்த்தில் விட்டுவைக்காதீர்கள். முள் நகர ஆரம்பித்ததும் சாவியை ஆஃப் செய்துவிட்டு எடுத்துவிடுங்கள். இன்னும் பத்திரமான வழி, நடுவில் 10 ஓம் ரெசிஸ்டரை வைப்பது. பைமெட்டல் முள் நிலைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகலாம், பொறுமை வேண்டும்.

எந்தப் பக்கம் போனால் சரி என்பது காருக்குக் கார் மாறும். பெட்ரோல் மீட்டர்களின் வழக்கமான அளவுகள் இவை:

- ஜெனரல் மோட்டார்ஸ், 1960-களின் நடுவிலிருந்து: காலி 0 ஓம், நிறைவு 90 ஓம்
- ஃபோர்டு, கிரைஸ்லர் பைமெட்டல்: காலி சுமார் 73, நிறைவு சுமார் 10
- விடிஓ (VDO, ஜெர்மன் மீட்டர் நிறுவனம்): காலி 10, நிறைவு 180
- ஸ்மித்ஸ் பைமெட்டல்: காலி 200-க்கு மேல், நிறைவு 20 முதல் 30 வரை

ஆக, ஃபோர்டிலும் ஸ்மித்ஸிலும் ஒயரை எர்த் செய்தால் முள் நிறைவுக்குப் போகும். ஜெனரல் மோட்டார்ஸிலும் விடிஓவிலும் காலிக்குப் போகும். ஒரே காரில் இரண்டு மீட்டர்கள்கூட எதிரெதிராக நடக்கும்: ஜெனரல் மோட்டார்ஸ் காரில் பெட்ரோல் ஒயரை எர்த் செய்தால் முள் காலிக்கு இறங்கும், டெம்பரேச்சர் ஒயரை எர்த் செய்தால் சூட்டுக்கு ஏறும். இது தெரியாமல் நல்ல மீட்டரைக் கெட்டது என்று தீர்மானித்துவிட வாய்ப்பு உண்டு.

முள் இரு கோடிக்கும் போகிறது, ஆனால் நடுவில் சரியாகக் காட்டுமா என்று சந்தேகமா? ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 33 அல்லது 68 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பாருங்கள். ஃபோர்டில் 68 ஓம் வைத்தால் முள் காலிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அப்படி நின்றால் மீட்டரின் மேல் பழி போடாதீர்கள்.

படி 6: டேங்க் யூனிட்

டேங்கிலிருந்து கழற்றும் முன் ஒரு அளவு எடுங்கள். ஒயரைக் கழற்றிய பிறகு, யூனிட்டின் முனைக்கும் அதன் உலோகத் தட்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். அடுத்து அதே முனைக்கும், நீள ஒயர் வழியாக பேட்டரியின் எர்த் முனைக்கும் இடையே பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் அளவு நன்றாக இருந்து இரண்டாவது அதிகமாகவோ தாவிக்கொண்டோ இருந்தால் யூனிட் நல்லது, டேங்குக்கு எர்த் இல்லை. ரப்பர் பட்டைமேல் உட்காரும் டேங்க், புதிதாகப் பெயின்ட் அடித்த டேங்க் இரண்டிலும் இது சர்வ சாதாரணம். தட்டிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் போட்டுவிட்டால் தீர்ந்தது.

யூனிட்டே பழுது என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வெளியே எடுங்கள். ஓம் அளவில் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு மிதவைக் கையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் சீராக ஏற வேண்டும், அல்லது சீராக இறங்க வேண்டும். நடுவில் எங்காவது அளவு அறுந்துபோய்த் திரும்ப வந்தால் அந்த இடத்தில் கம்பி தேய்ந்திருக்கிறது. அழுக்காக இருந்தால் காண்டாக்ட் கிளீனர் போதும். அந்தக் கம்பிச் சுருளை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, முடியளவு கம்பி அறுந்துவிடும்.

மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே சளசளவென்று கேட்டால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது. கனத்துப்போய் மூழ்குகிறது, முள் எப்போதும் குறைவாகவே காட்டும். பித்தளை மிதவைக்குச் சால்டர் வைத்து ஒட்ட நினைக்க வேண்டாம். உள்ளே தங்கிய ஆவி வெடிக்கக்கூடும். புது மிதவை மாட்டுவதுதான் சரி. பழைய கார்க் மிதவைகளுக்கு வேறு சிக்கல்: மேலே பூசியிருக்கும் ஷெல்லாக், எத்தனால் கலந்த பெட்ரோலில் கரைந்துவிடும், கார்க் ஊறிவிடும்.

புது யூனிட் வாங்கினால் டேங்கில் இறக்கும் முன்பே காலி, பாதி, நிறைவு மூன்று நிலையிலும் ஓம் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். கோடிகள் இரண்டும் சரியாக இருந்து பாதியில் ஏறுக்குமாறாக இருக்கும் யூனிட்டுகள் விற்பனைக்கு வருகின்றன.

படி 7: டெம்பரேச்சரும் ஆயிலும்

இந்த இரண்டு சென்சாரும் தங்கள் மரை வழியாகத்தான் எஞ்சினில் எர்த் ஆகின்றன. மரையில் சுற்றும் வெள்ளை டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினால் எர்த் தடைபடும். சென்சாரின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் இடையே ஓம் பார்த்தால் தெரிந்துவிடும்.

டெம்பரேச்சர் சென்சாரைக் கழற்றிச் சோதிப்பது எளிது. அதன் நுனி மூழ்கும்படி வெந்நீரில் வைத்து, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரையும் வைத்துச் சூடேற்றுங்கள். சூடு ஏற ஏற ஓம் சீராகக் குறைய வேண்டும். ஒரு குறிப்பிட்ட சூட்டில் திடீரென்று பூஜ்யமானால் அது மீட்டருக்கான சென்சாரே அல்ல, எச்சரிக்கை விளக்குக்கான சுவிட்ச். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி மாட்டிவிடுவது நடக்கும். அப்போது முள் ஒரு கோடியிலோ மறு கோடியிலோ மட்டும் நிற்கும். குளிர்விப்பு நீரில் காற்று அடைத்திருந்து சென்சார் தண்ணீரைத் தொடாவிட்டால் எஞ்சின் கொதித்தாலும் முள் கீழேயே கிடக்கும். முள் இறங்கியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடையும் முன் இதையும் யோசியுங்கள்.

ஆயிலுக்கு ஒரே வழி: சென்சாரைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் பிரஷர் மீட்டரை மாட்டி, காரின் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிடுவது.

படி 8: இப்போது டேஷ்போர்டு

மேலே உள்ள அத்தனையும் சரி, முள் மட்டும் அசையவில்லை என்றால்தான் பேனலைக் கழற்ற வேண்டும். பேட்டரி ஒயரை முதலில் எடுத்துவிடுங்கள். பின்னால் பிரின்டட் சர்க்யூட் இருந்தால் செம்புத் தகட்டில் விரிசலோ கருகலோ தேடுங்கள். பிளக் சேரும் இடங்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தால் போதும். மீட்டரின் போல்ட்டுகளில் உள்ள நட்டுகள் வழியாகத்தான் கரண்ட் போகிறது. அவற்றைத் தளர்த்திச் சுத்தம் செய்து மறுபடி முடுக்குவதிலேயே பல மீட்டர்கள் உயிர்பெறுகின்றன. கடைசியில், மீட்டரின் இரு முனைகளுக்கு நடுவே ஓம் பாருங்கள். தொடர்பே இல்லை என்றால் சுருள் அறுந்துவிட்டது. இப்போது மீட்டரை மாற்றலாம். பைமெட்டல் மீட்டரைச் சோதிக்க 12 வோல்ட்டை நேராகக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.

அம்மீட்டர் (பேட்டரிக்குள் போகும், வெளியே வரும் கரண்டைக் காட்டும் மீட்டர்) விஷயம் முற்றிலும் வேறு. பல பழைய கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டார் தவிர கிட்டத்தட்ட மொத்தக் கரண்டும் அதன் வழியாகத்தான் போகிறது, நடுவில் ஃப்யூஸும் இருக்காது. அதன் ஒயரை எர்த் செய்து சோதித்தால் ஒயரிங்கே எரியும். பேட்டரியைக் கழற்றாமல் அதன் பின்பக்கம் கையே வைக்க வேண்டாம். எஞ்சின் நின்றிருக்க, சாவி போட்டு ஹெட்லைட் போட்டால் முள் டிஸ்சார்ஜ் (−) பக்கம் சாய வேண்டும், அதுதான் சோதனை. நட்டுகள் தளர்ந்திருந்தால் அங்கே சூடு உண்டாகும். பெரிய ஆல்டர்னேட்டர் மாட்டிய கார்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

படி 9: சரிபார்த்தல்

பல ஸ்மித்ஸ், ஃபோர்டு மீட்டர்களின் முதுகில் சின்னத் துளைகளுக்குள் முள்ளின் தொடக்கத்தையும் முடிவையும் நகர்த்தும் அமைப்பு இருக்கும். ஸ்டெபிலைசரும் எர்த்தும் சரியான பிறகுதான் அதைத் தொட வேண்டும். முதலிலேயே திருப்பிவிட்டால் ஒரு பழுதை மறைக்க இன்னொரு தப்பைச் சேர்த்ததாகிவிடும். டேங்கைக் கிட்டத்தட்டக் காலி செய்து, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிலைக்கு வந்த பிறகு அது நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய டேங்குகளின் வடிவம் சீராக இருக்காது என்பதால் பாதி முள் பாதி டேங்காக இருக்க வேண்டியதில்லை. முள் காலியைத் தொடும்போது உள்ளே இன்னும் எத்தனை லிட்டர் மிச்சம் என்பதை மட்டும் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.